மத்தியான முனியும் 1.45 வோல்ற்றும்

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிற காலம். கையில் நேரம் இருக்கிறது, மேசையில் தானே பூட்டிய கணினி இருக்கிறது. 3200 வேகத்துக்கு என்று விற்கப்பட்ட டிடிஆர்4 வகை ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, 3600இல் ஓட்டிப் பார்க்கிறார். விடியற்காலையில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டால் ஒரு பிழையும் இல்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பிறகு ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் சிவப்பு வரிகள். "வோல்ற்றளவு போதவில்லை என்று நினைத்து 1.35இலிருந்து 1.45க்கு ஏற்றினேன். காலையில் இன்னும் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் முன்னைவிட மோசம். ஏன்?" கூடவே ஒரு செய்தி: உச்சிப்பொழுதில் முனி உலாவும்போது இயந்திரத்தைப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று அம்மம்மா கணினிப் பெட்டியில் தேசிக்காய் கட்டிவிட்டாராம்.

முனியை என்னால் ஏற்க முடியாது. ஆனால் பிழை வருவதற்கும் நாளின் பொழுதுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அம்மம்மாதான். அந்த அவதானம் சரியானது.

அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடுவோம். 3200 என்றால் ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் செக்கனுக்கு 320 கோடி தடவை தரவு போகிறது. தரவுக்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பு அதில் பாதி வேகம்தான். துடிப்பு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. டிடிஆர்4இன் நியம வோல்ற்றளவு 1.2. டிடிஆர்3க்கு 1.5 ஆக இருந்தது, டிடிஆர்5க்கு 1.1. எக்ஸ்எம்பி என்று பெட்டியில் அச்சிட்டு வரும் வேகமான டிடிஆர்4 ரேம்கள் பெரும்பாலும் 1.35க்கு என்று சோதித்து விற்கப்படுபவை. அதற்கும் மேலே போவது நம் சொந்தப் பொறுப்பு.

இனி எனக்குப் பிடித்த இடம். ரேமுக்குள் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, என்பது திறந்து மூடும் ஒரு திரான்சிற்றரும் மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு கொள்ளளவியும், அவ்வளவுதான். கொள்ளளவி நிறைந்திருந்தால் 1, வெறுமையாக இருந்தால் 0. 1966இல் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரொபேர்ட் டெனாட் இதை நினைத்துக் கண்டார். காந்தப் படலத்தால் நினைவகம் செய்துகொண்டிருந்த இன்னொரு குழுவின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, அன்று மாலை வீட்டில் இருந்து யோசித்தபோது வந்த எண்ணம் அது. 1968இல் காப்புரிமை கிடைத்தது. ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, பக்கத்து அறைக்காரர் சொல்வதைக் கேட்கவும் வீட்டுக்குப் போய் யோசிக்கவும் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் பாடசாலைக்கு வளைவு கட்டுவார்கள், கோயிலுக்குக் கோபுரம் கட்டுவார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் நமக்கொரு பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு நல்ல அலைவுகாட்டி வாங்கிக் கொடுப்போம் என்று யாரும் ரசீதுப் புத்தகத்தோடு வந்து என் படலையைத் தட்டியதில்லை. சரி, விடயத்துக்கு வருகிறேன்.

இன்றைய சில்லில் ஒரு கொள்ளளவி வைத்திருப்பது சில பத்தாயிரம் இலத்திரன்களை. அதைப் படிப்பதற்கு நீளமான ஒரு கம்பியோடு இணைக்கிறார்கள். கம்பியின் கொள்ளளவம் கொள்ளளவியைப்போலப் பல மடங்கு. ஒரு செம்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, தொட்டியின் மட்டம் உயர்ந்ததா என்று கேட்பதுபோல. கம்பி ஐந்து மடங்கு பெரியது என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே அதைச் சரிபாதியில், 0.6 வோல்ற்றில் நிறுத்தி வைத்திருப்பார்கள். நிறைந்த கொள்ளளவி 1.2இல் இருக்கிறது, வித்தியாசம் 0.6, அதில் ஆறில் ஒரு பங்கு, 0.1 வோல்ற்று, கம்பியில் ஏறும். வெறுமையாக இருந்தால் அதே அளவு இறங்கும். இந்த மெல்லிய அசைவை யார் கண்டுகொள்வது?

கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மேலே நிற்பவர் துலாக்காலுக்கு அண்மையில் நிற்கும்வரை மரம் கிடையாக நிற்கும். கிணற்றுப் பக்கம் ஒரு காலடி வைத்தால் அந்தப் பக்கம் சற்றுச் சாயும். சரிவில் அடுத்த காலடி இலகுவாக வரும், மரம் மேலும் சாயும், பிறகு தண்ணீர் அள்ளும் பட்டை நேரே தண்ணீருக்குத்தான். ரேமுக்குள் படிக்கும் கம்பிக்குச் சோடியாக, ஒப்பிடுவதற்கென்று 0.6இலேயே நிற்கும் இன்னொரு கம்பி உண்டு; ஒவ்வொரு சோடியின் முனையிலும் இப்படி ஒரு துலா இருக்கிறது. உணர் பெருக்கி என்பார்கள். இரண்டு தலைகீழாக்கிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். ஒரு பக்கம் சற்று உயர்ந்தால் அது மறுபக்கத்தைத் தாழ்த்தும், தாழ்ந்த மறுபக்கம் இதை மேலும் உயர்த்தும். கண் இமைக்கும் நேரம்கூட இதற்கு மிக அதிகம். சில நனோ செக்கனில் ஒரு கம்பி முழு வோல்ற்றளவுக்கும் மற்றது சுழியத்துக்கும் போய்விடும். அந்த வேகத்தில் கம்பி கொள்ளளவியையும் மீண்டும் நிரப்பிவிடுகிறது! படித்தபோது கலைந்துபோன பிட் படித்து முடிவதற்குள் திரும்ப எழுதப்பட்டுவிடுகிறது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

ரேமின் ஸ்டிக்கரில் 16-18-18-38 என்பதுபோல எண்கள் இருக்குமே, இரண்டாவது எண் இந்தத் துலா சாய்வதற்குக் கொடுக்கும் நேரம், கடிகாரத் துடிப்புகளில். 3200இல் 18 துடிப்பு என்றால் 11.25 நனோ செக்கன். 3600இல் அதே 18, வெறும் 10. துலா சாய்ந்து முடியுமுன் கேட்டால் பதில் பிழைக்கும். வோல்ற்றளவை 1.35க்கு ஏற்றினால் நம் பழைய கணக்கில் 0.1 இருந்த இடத்தில் 0.11க்கு மேல் வரும். திரான்சிற்றர்களும் பலமாக இழுக்கும். முதல் காலடியும் பெரிது, சாய்வும் வேகம். தம்பியின் ரேம் காலையில் நன்றாக ஓடியதற்குக் காரணம் இது. எல்லாச் சில்லுகளும் இப்படிக் கீழ்ப்படியாது. சாம்சங்கின் பி-டை என்ற வகை வோல்ற்றளவுக்கு நன்றாக இசையும், ஆனால் சூட்டைத் தாங்காது என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சூட்டில்தான் மத்தியானத்தின் விடை இருக்கிறது. பனையோலைப் பட்டை ஒழுகுவதுபோலக் கொள்ளளவியும் ஒழுகும். 10 பாகை ஏறினால் ஒழுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ரேமைச் சுழியத்துக்குக் கீழே 50 பாகை வரை குளிர்வித்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தரவு நிமிடக் கணக்கில் அழியாமல் கிடப்பதைக் காட்டினார்கள். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அறையில் நடப்பது அதன் மறுதலை. தம்பியின் ரேமில் வெப்பமானி இருக்கிறது: காலையில் 41, மத்தியானம் 56. வோல்ற்றளவும் வெப்பத்துக்கு உதவி செய்கிறது. செலவாகும் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறுவதால் 1.35இலிருந்து 1.45க்குப் போனாலே 15 சதவீதம் கூடிவிடும்.

அப்படியிருந்தும் 56 பாகை என்பது பயப்படும் அளவல்ல. ஒழுகுவதைச் சரிக்கட்ட, 85 பாகை வரை ஒவ்வொரு கொள்ளளவியையும் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை மீள நிரப்பினால் போதும் என்பதே நியமம். சந்தேகப்பட்டு, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸ் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் மீள்நிரப்பும் இடைவெளிக்கு எதிரே 65535 கடிகாரத் துடிப்பு என்று இருந்தது! வேகம் கூடும் என்று எங்கோ பார்த்து எழுதியிருக்கிறார். ரேமைப் பகுதி பகுதியாகத்தான் நிரப்புவார்கள்; ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள இந்த இடைவெளி 3600இல் 36 மைக்ரோ செக்கன், நியமம் 7.8. அதாவது 64 மில்லிசெக்கனுக்குள் நிரம்ப வேண்டிய பட்டை 300 மில்லிசெக்கன் அளவு காத்திருக்கிறது. நாலரை மடங்கு காத்திருப்பு, காலையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஒழுக்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். துலா சாய்வதற்கு உந்தல் எங்கே மிஞ்சும்?

இப்படிப் பிழை வந்தால் கணினி நின்றுவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே ஆசையில் ரேமை முடுக்கிவிட்டு, தங்கையின் திருமணப் படங்களைப் பழைய வன்தட்டிலிருந்து புதியதற்கு மாற்றினேன். கணினி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தால், மணவறையில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறப் பட்டை. பழைய தட்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தேன்.

செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்திக்கும் தனி வோல்ற்றளவுகள் உண்டு. அவற்றை ரேமோடு சேர்த்துக் கண்மூடித்தனமாக ஏற்றாதீர்கள். 2023இல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில கருகிப்போன பிறகு, அப்படியொன்றான எஸ்ஓசி வோல்ற்றளவை 1.3க்கு மேல் விடாமல் அந்த நிறுவனம் பூட்டுப் போட்டது.

தம்பிக்கு எழுதினேன்: மீள்நிரப்பும் இடைவெளியைத் தானியங்கிக்கு விடுங்கள், 1.35க்குத் திரும்புங்கள், மத்தியானம் ஒரு மணிக்குச் சோதியுங்கள். நான்கு மணித்தியாலம் ஓடவிட்டும் பிழை இல்லை என்று பதில் வந்திருக்கிறது. தேசிக்காயை அம்மம்மா கழற்ற விடவில்லையாம். கட்டியிருப்பது முன்பக்கக் காற்றாடிக்கு நேரே. ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.