திரையில் பார்த்த கன அடியும் குடத்தில் அளந்த கன அடியும்

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில், ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் கற்பித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியில், மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்துப் பதிவேட்டில் குறிக்கச் சொன்னார்கள், நானும் குறித்தேன். ‘செய்து கற்பவர்’ என்று நான் எழுதிய மாணவனிடம் அந்த ஆண்டு முழுவதும் புரொஜெக்டரைத் தூக்கி வரவும் ஒயரை மாட்டவுமே சொல்லியிருக்கிறேன் என்பது ஆண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உறைத்தது.

இப்படிப் பிரித்து, அவரவர் வகைக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் அவருடன் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்களும் எழுதினார்கள். அறிவுத்திறன் ஒன்றல்ல, பல வகை என்னும் பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டை 1983இல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னரும், தம் கோட்பாடு வேறு, இப்படிப் பார்த்து, கேட்டு, செய்து கற்பவர் என்று பிரிக்கும் கற்றல் பாணி வேறு என்று விளக்கியிருக்கிறார். எனவே இன்று நான் பிரிப்பது பிள்ளைகளை அல்ல; ஒரே பாடத்தைப் பல வழிகளில், எல்லோருக்கும் தருகிறேன்.

மேட்டூரில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்ற செய்தியைக் கேட்டே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கன அடி எவ்வளவு என்று தெரியாது. திரையில் கனசதுரம் சுழலும் அசைபடத்தைக் காட்டினேன். எல்லோரும் புரிந்ததாகத் தலையாட்டினார்கள். அது எத்தனை குடம் என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. மறுநாள் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக அட்டைப் பெட்டி செய்தோம். இரண்டாவது குடத்திலேயே பக்கம் பிதுங்கி வகுப்பறை நனைந்தது. பிறகு பழைய பலகைகளை ஆணியடித்து, உள்ளே உரச்சாக்கின் பாலிதீன் பையை விரித்து ஊற்றியபோது, 12 லிட்டர் குடத்தில் இரண்டும் அதற்கு மேல் நான்கு லிட்டர் சொச்சமும் பிடித்தது. அதன் பின் அதே அசைபடத்தைப் போட்டேன். இம்முறை கேள்விகள் வந்தன.

அடுத்த வாரம், முழங்காலுக்கும் கீழே தண்ணீர் ஓடிய வாய்க்காலில் சருகை மிதக்கவிட்டு, 10 அடியைக் கடக்கும் நேரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தோம். அகலம் 4 அடி, ஆழம் 1 அடி, நேரம் 10 விநாடி என்றால் விநாடிக்கு 4 கன அடி. எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிடும் மாணவி ஒருத்தியிடம் கைப்பேசியைக் கொடுத்து, கண்டதைப் பேசிப் பதியச் சொன்னேன். “அடியில கோரை கெடக்குற எடத்துல தண்ணி நின்னு நின்னுதான் போவும் சார், சருவு போற வேகத்த நம்பக் கூடாது” என்று அவள் பதிந்திருந்தாள். மேற்பரப்பின் வேகம் சராசரி வேகத்தைவிட அதிகம் என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்லியிருந்தாள்.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் காணொளியை முந்தைய நாளே வீட்டில் இறக்கிக்கொள்கிறேன். மின்சாரத்தையும் சிக்னலையும் நம்பிப் பாடம் தொடங்குவது எங்கள் ஊரில் ஆகாத காரியம். ஆனால், குரல் பதிவோடு நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளை எழுதப் பழகாமலே போய்விடும். எனவே அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டி, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதச் சொன்னேன். அன்று ஒன்பது வரி எழுதினாள். ‘சருவு’ என்று எழுதியிருந்ததை மட்டும் ‘சருகு’ என்று திருத்திக் கொடுத்தேன்.