கல்ச்சர் ரிப்போட் எங்கே? நோயாளி கேட்டுப் பெறும் உரிமையும் 48 மணித்தியாலக் கெடுவும்

வயலில் வேலை செய்கிற ஒருவர், சீனி வருத்தமும் உள்ளவர், காய்ச்சலோடு வாட்டில் சேர்கிறார். இரத்தம் எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர நாட்கள் எடுக்கும். அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட, டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் ‘வைரல் காய்ச்சல்’ என்று இருக்கும். பிறகு ரிப்போட் வந்து சேரும்போது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். தாள் ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விடும். காய்ச்சல் திரும்பி வரும், ஆள் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கம் வயல் செய்கிறவர்கள் மெலியோய்டோசிஸ் என்ற பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. கிழக்கில் மாரிமழைக் காலத்தில் கூடுதலாகக் காணப்படுகிறது, சீனி வருத்தக்காரரை இலகுவில் பிடிக்கும். நெஞ்சுப் படத்தில் காசநோய் போலத் தெரியும், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி வைக்கும். வழக்கமாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக் இதற்குக் கேட்காது. குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழியே ஊசி மருந்து ஏற்றி, அப்புறம் மூன்று மாதமாவது குளிசை எடுக்க வேண்டும். இதை உறுதியாகக் கண்டுபிடித்துத் தருவது அந்தக் கல்ச்சர் ரிப்போட்தான். அந்தத் தாள் கிடைக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

அபூர்வமான நோய் எதுவானாலும் இதே கதைதான். செம்பு உடம்பில் தேங்கும் வில்சன் நோயில் ஈரலுக்கு ஒரு கிளினிக், கை நடுக்கத்துக்கு ஒரு கிளினிக் என்று இரண்டு கொப்பிகள் இருக்கும். இரண்டையும் ஒரே வைத்தியர் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் நோயின் உருவம் தெரியும். அப்படிப் பார்ப்பதற்குத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அதைக் கேட்டு வாங்க இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அரச ஆஸ்பத்திரி மாகாண சபையின் கீழ் இருந்தாலும் மத்திய அமைச்சின் கீழ் இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். எது யாருக்குக் கீழ் என்று நீங்கள் ஆராயத் தேவையில்லை. ‘தகவல் அலுவலர்’ என்று எழுதி அந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டால் போதும். “இங்கே அப்படி யாரும் இல்லை” என்பார்கள். நியமிக்காவிட்டால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டம் சொல்கிறது. கடிதத்தை அவரிடம் கொடுங்கள்.

சாதாரண விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொடுப்பதென்று முடிவானால் தாளைத் தர இன்னும் 14 நாள் எடுக்கலாம். காய்ச்சலோடு கிடக்கிறவருக்கு அது சரிவராது. உயிர் சம்பந்தப்பட்ட விண்ணப்பத்துக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் அனேகமானவை இந்தச் சலுகையை இழந்தது ஒரு வசனத்தை எழுதாமல் விட்டதால். உயிரைக் காக்க இந்தத் தகவல் தேவை என்பதையும், ஏன் அப்படி நம்புகிறீர்கள் என்பதையும் கடிதத்திலேயே எழுத வேண்டும். வாயால் அழுது சொல்வது கணக்கில் வராது. இப்படி எழுதுங்கள்: “எனக்குக் காய்ச்சல் மீண்டும் வந்துள்ளது. சரியான மருந்தைத் தீர்மானிக்க இந்த ரிப்போட் உடனடியாகத் தேவை. என் உயிரைப் பாதுகாக்க இது அவசியம் என நம்புகிறேன்.” வேறு காரணம் எதையும் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

அடுத்த பொறி, யார் கேட்பது என்பது. மருத்துவப் பதிவை நோயாளியின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்குக் கொடுக்க மறுக்கலாம். மகன், மனைவி என்று போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், அதில் நியாயமும் உண்டு. வாட்டில் இருக்கும்போதே நோயாளியிடம் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டைப் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் இருந்தும் “கோர்ட் ஓர்டர் கொண்டு வா” என்று சொன்னால், அப்படி ஒரு நிபந்தனை இந்தச் சட்டத்தில் இல்லை. வேறு சட்டம் குறுக்கே நின்றாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

“ஏன் பிழையாகச் சொன்னீர்கள்?” என்று இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். கோபம் நியாயம்தான், ஆனால் இந்தச் சட்டம் ஃபைலில் உள்ளதைத்தான் தரும், விளக்கம் தராது. கேள்வி கேட்டால் அதை முறைப்பாடு என்று வேறு மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். “இன்ன திகதி, இன்ன வாட், பி.எச்.ரி. (வாட்டில் வைத்திருக்கும் நோயாளியின் டிக்கட்) இலக்கம் இது, கல்ச்சர் ரிப்போட், ஸ்கேன் ரிப்போட், டிக்கட்டின் பிரதி” என்று பொருளைக் குறித்துக் கேளுங்கள். அந்த இலக்கம் டயக்னோசிஸ் கார்டில் இருக்கும். இலக்கம் இல்லாமல் போனால் பதிவறையில் “தேடிப் பார்க்கிறோம், பிறகு வாங்க” என்பதுதான் பதில்.

தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எப்படிக் கொடுத்தாலும் கிடைத்ததற்கான எழுத்து மூலப் பற்றுச்சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். “வைத்துவிட்டுப் போங்க” என்பதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. பற்றுச்சீட்டில் திகதியும் நேரமும் இருந்தால்தான் 48 மணித்தியாலத்தை எண்ண முடியும்.

மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். பலர் “இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்” என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். நோயாளிக்கு இவ்வளவு காலம் ஏது? அதனால்தான் முதல் கடிதத்தைச் சரியாக எழுதச் சொல்கிறேன்.

தனியார் ஆஸ்பத்திரிக்கும் தனியார் லாபுக்கும் இந்தச் சட்டத்தை நம்பிப் போக வேண்டாம். அங்கே காசு கட்டும்போதே எல்லா ரிப்போட்டுக்கும் பிரதி கேட்டு வாங்குங்கள். சதைத்துண்டு எடுத்திருந்தால், இரண்டாவது கருத்துக்கு ரிப்போட் மட்டும் போதாமல் போகலாம். அந்தத் துண்டை மெழுகில் பதித்த ‘ப்ளொக்’ எங்கே இருக்கிறது, அதை எடுத்துப் போக என்ன செய்ய வேண்டும் என்றும் அப்போதே கேட்டு வையுங்கள்.

மூலத்தாளை எவரிடமும் கொடுக்காதீர்கள். மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ மாற்றும்போது பிரதியைக் கொடுத்து மூலத்தைக் கையில் வைத்திருங்கள். மாற்றக் கடிதத்தை அம்புலன்ஸ் ஏறுவதற்கு முன் ஃபோனில் படம் பிடியுங்கள்.

டிக்கட் வெட்டும் நாளில் வைத்தியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இன்னும் வராத ரிப்போட் எது டொக்டர்?” பதிலைக் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த நாளில், யாரிடம் வந்து கேட்பது என்பதையும் சேர்த்து எழுதுவித்தால், மேலே சொன்ன கடிதங்களில் பாதி தேவைப்படாது.