மழை இல்லாத நாளில் ஒழுகும் கூரை

சென்னைக் குடியிருப்பில் ‘லாஃப்ட்’ என்றால் தலைக்கு மேல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை. கொலுப் பெட்டியும் பழைய அண்டாவும் ஏறி உட்காரும் இடம். இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு, மாடிப் படுக்கையறையின் உட்கூரைக்கும் சரிந்த ஓட்டுக்கும் நடுவே கிடக்கும் முக்கோண வெளி முழுவதும் என்று பொருள். நம் ஊர்ப் பரணைப் போல. ஏணி வைத்து, ஒரு சதுரக் கதவைத் தள்ளித் திறந்து ஏற வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்தை இறக்க ஒரு தடவை, ஏற்ற ஒரு தடவை. மற்றபடி யாரும் அங்கே போவதில்லை. அதனால் அங்கே நடப்பது வெகுநாள் கழித்தே தெரியவரும்.

ஜனவரியில் சில இரவுகளில் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கும். காலையில் வெயில் வரும். மூன்று நாளாக ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் பத்து மணிவாக்கில் உட்கூரையில் ஈர வட்டம் விரியும். நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் இப்படி ஆனபோது கூரை வேலைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஓடு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிவதற்கு முன் டார்ச்சோடு நானே ஏறினேன். ஓடாக வேய்ந்த சிலேட் கற்களைப் பிடித்திருந்த ஆணிகளின் முனைகள், ஓட்டுக்கு அடியில் விரித்திருந்த தார்த்தாளைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியிருந்தன. ஒவ்வொரு முனையிலும் ஒரு வெள்ளை மொட்டு, உறைபனி. வெயில் ஏறியதும் அத்தனை மொட்டும் ஒரே நேரத்தில் உருகிச் சொட்டியிருக்கிறது.

அந்தத் தண்ணீர் மேலிருந்து வந்ததல்ல. கீழே சோறு கொதித்ததும், குளியலறையில் வெந்நீர் விட்டதும், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் துணி உலர்த்தியதும், நாங்கள் இரவெல்லாம் விட்ட மூச்சும்தான். நாலு பேர் இருக்கும் வீடு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் வாக்கில் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கிறது.

காற்று சூடாக இருந்தால் நிறைய ஆவி தங்கும், குளிர்ந்தால் தங்காது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 17.3 கிராம் ஆவி இருக்கலாம். 0 டிகிரியில் ஏறத்தாழ 5 கிராம்தான். வீட்டுக்குள் 20 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமுமாக இருந்தால், அதாவது தாங்கக்கூடியதில் பாதி ஆவி இருந்தால், கன மீட்டருக்குச் சுமார் 8.6 கிராம் ஆவி இருக்கும். இந்தக் காற்று 9 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குளிர்ந்த இடத்திலேயே நிறைந்துவிடும். அதுதான் அதன் பனிநிலை. அதற்கும் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் மிச்சத்தைத் தண்ணீராக விட்டுவிட வேண்டியதுதான். மரமும் தாளும் மெதுவாகக் குளிரும் இடத்தில், ஆணி வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்திவிடும். முதலில் அது பூப்பது அதனால்.

ஆவி பரணுக்கு ஏறுவது எப்படி? உட்கூரைப் பலகையின் வழியே ஊறிப் போவது கொஞ்சம்தான். பெரும்பகுதி ஓட்டை வழியாகக் காற்றோடு போகிறது. சூடான காற்று லேசானது, மேலே ஏறப் பார்க்கும். வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். பரண் கதவின் விளிம்பு, உட்கூரையில் பதித்த விளக்குகளைச் சுற்றியுள்ள வட்டம், குழாய் ஏறும் துவாரம் எல்லாம் அதற்கு வழி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 10 கன மீட்டர் காற்று இப்படிக் கசிந்து 0 டிகிரிக்குக் குளிர்ந்தால், தங்க முடியாத மிச்சம் கன மீட்டருக்குச் சுமார் நாலு கிராம் வீதம் பத்து மணி நேர இரவில் 400 கிராம் தண்ணீர். அத்தனையும் ஓட்டடியில் படியாது. பாதி படிந்தாலும் ஒரு டம்ளர். ஒரே இரவில்.

இதில் வேடிக்கை, வீட்டைச் சரியாகப் பராமரிக்க நினைத்தவர்களுக்குத்தான் தொல்லை அதிகம். பிரிட்டனில் இப்போது பரண் தரையில் 270 மி.மீ. கனத்துக்குக் கண்ணாடி இழைப் பஞ்சு விரிக்கச் சொல்கிறார்கள். முன்பு 25, 50 மி.மீ. இருந்தாலே போதும் என்றிருந்தது. அன்று வீட்டுச் சூடு கசிந்து பரணையும் கொஞ்சம் கதகதப்பாக வைத்திருந்தது. இன்று சூடு கீழேயே நின்றுவிடுகிறது, பரண் வெளிக்குளிருக்குச் சமமாகிவிடுகிறது. பஞ்சு சூட்டைத் தடுக்கும். காற்றையும் ஆவியையும் தடுக்காது. கூடவே, பழைய கணப்பு அடுப்புகளின் புகைபோக்கிகளை அடைத்தாயிற்று, ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியால் மூடியாயிற்று. ஈரக் காற்று முன்பு போன வழியெல்லாம் போயிற்று.

தெளிந்த இரவு ஏன் மோசம் என்பதற்கு 1814-லேயே விடை வந்துவிட்டது. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ், எடை போட்ட கம்பளித் துணுக்குகளை இரவில் தோட்டத்தில் வைத்தார். சில பலகைக்கு மேலே, சில அதே பலகைக்குக் கீழே. காலையில் நிறுத்தபோது, வானத்தைப் பார்த்துக் கிடந்த கம்பளி மிக அதிகமாகக் கனத்தது. பனி மேலிருந்து ‘விழுகிறது’ என்று மட்டும் இதை விளக்க முடியாது. திறந்த வானத்துக்குத் தன் சூட்டைக் கதிராக இழக்கும் பொருள், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோய் அதிலிருந்து ஈரத்தைப் பிடிக்கிறது என்று அவர் காட்டினார். கூரையும் வானத்தைப் பார்த்துக் கிடப்பதுதான். மேகம் இருந்தால் போர்வை; இல்லையென்றால் ஓடு காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும்.

சரி, என்ன செய்வது? பரணைச் சூடாக்குவதல்ல. கீழிருந்து ஈரம் ஏறும் வழியை அடைத்து, பக்கவாட்டில் காற்றை விட வேண்டும். முதலில் பரண் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, குழாய்த் துவாரங்களில் அடைப்பு. குளியலறை விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்று போய்ப் பாருங்கள். அதைப் பரணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போன வேலையை நானே பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே ஈரமான காற்றை வீட்டிலேயே குளிர்ந்த இடத்துக்கு மின்சாரம் செலவழித்து அனுப்புகிற ஏற்பாடு. குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும். அதையும் பஞ்சால் சுற்ற வேண்டும், இல்லையென்றால் ஆவி குழாய்க்குள்ளேயே நீராகி விசிறி வழியாகத் திரும்பிச் சொட்டும்.

அடுத்தது இறவாரம், கூரை சுவரைத் தாண்டி இறங்கும் விளிம்பு. சரிவு 15 டிகிரிக்கு மேலுள்ள சாதாரணக் கூரைக்கு, எதிரெதிர் இறவாரங்களில் நெடுக 10 மி.மீ. இடைவெளிக்கு ஈடான காற்றுவழி வேண்டும் என்பது பிரிட்டிஷ் நடைமுறை. பஞ்சு விரிப்பவர்கள் ஒரு மூலையும் விடக்கூடாது என்று அந்த இடுக்கிலேயே திணித்துவிடுகிறார்கள். தொல்லைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். பகலில் பரணில் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். பல வீடுகளில் இறவாரத்தில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். தெரியாவிட்டால் பஞ்சைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கைமரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தட்டு செருகி வழிவிடலாம். தார்த்தாள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தை விரித்துப் பிடிக்கும் சிறு செருகிகளும் கிடைக்கின்றன. புது வீடுகளில் தார்த்தாளுக்குப் பதில் ஆவியை வெளியே விடும் தாள் போடுகிறார்கள். பழங்கால வீடுகளில் எந்தத் தாளுமே இல்லை. சிலேட் இடுக்கெல்லாம் காற்று வீசும், இந்தப் பிரச்சினையும் கிடையாது.

பஞ்சுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆவித்தடை சூடான பக்கத்தில், அதாவது பஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போட்டால் அதன் அடியிலேயே தண்ணீர் கோத்துப் பஞ்சு நனையும். காற்றோட்டமுள்ள பரணில் ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைப்பது இங்கிலாந்தையே உலர்த்தப் பார்ப்பது.

வருடத்தில் நாலைந்து இரவு ஆணி நுனியில் பனி பூத்தால் பயமில்லை. மரம் அந்த ஈரத்தைக் குடித்து வசந்தத்தில் விட்டுவிடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் மாதக்கணக்கில் நின்றால்தான் பூஞ்சை அரிக்கத் தொடங்கும். இரண்டு ஊசி கொண்ட ஈரமானி ஒன்றை வாங்கி, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வடக்குப் பார்த்த சரிவின் கைமரத்தில் குத்திப் பாருங்கள். வெயில் படாத பக்கம் அதுதான்.