கையடக்க கேம் கன்சோல் வாங்கும் முன் கேமின் விலையை விசாரியுங்கள்

கும்பகோணத்தில் செல்போனும் கேம் கன்சோலும் சர்வீஸ் பார்க்கிறேன். பரீட்சை லீவு நெருங்கும்போது பெற்றோர் முதலில் கேட்பது, "எதுலங்க கிராபிக்ஸ் நல்லா இருக்கும்?" என்றுதான். அதை மட்டும் பார்த்து வாங்கிய கன்சோல், இரண்டாவது கேம் வாங்கக் கட்டுப்படியாகாமல் பீரோவுக்குள் போய்விடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நல்ல திரை இருந்தாலே விற்றுவிடும் என்பது இந்தத் துறையில் பலமுறை பொய்த்திருக்கிறது. 1989இல் நிண்டெண்டோ கொண்டுவந்த கேம் பாய்க்குக் கலர் கிடையாது. அடுத்த ஆண்டு செகா கொண்டுவந்த கேம் கியர் கலரில் ஓடியது, ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கலர் மாடலையும் சேர்த்துக் கேம் பாய் 11.8 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் சுமார் ஒரு கோடி. பிறகு 2004இல் வந்த சோனியின் பிஎஸ்பியில் படம் நிண்டெண்டோவின் டிஎஸ்ஸைவிட நல்ல தெளிவு. ஆனாலும் டிஎஸ் 15.4 கோடி விற்றது, பிஎஸ்பி அதில் பாதியைச் சற்றே தாண்டியது.

இப்போது பையன்கள் அதிகம் கேட்பது நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக். ஸ்விட்ச் 2இல் 7.9 அங்குல 1080பி எல்சிடி திரை. ஸ்டீம் டெக் ஓஎல்இடியில் 7.4 அங்குலம், புள்ளிகள் குறைவு, ஆனால் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 நான்கே நாளில் 35 லட்சம் விற்றது.

சரி, கேம் விலைக்கு வருவோம். ஸ்விட்ச் 2க்கான மரியோ கார்ட் வேர்ல்டு கேம் அமெரிக்காவில் 80 டாலர், அதாவது 7,000 ரூபாய் அளவுக்கு. நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் பழசானாலும் பெரிதாக விலை இறங்காது. ஸ்டீம் டெக்குக்கு கேம் வாங்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ரூபாயிலேயே விலை உண்டு. கோடை, குளிர்கால சேலில் பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே வரும். ஒரே வீட்டில் ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜை, அதாவது கேம் இருக்கும் சிறு கார்டை, ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிக்கொள்ள ஊரில் நாலு பேர் இருந்தால் ஸ்விட்ச் கட்டுப்படியாகும். தனியாக ஆடுகிற பிள்ளைக்கு ஸ்டீம் பக்கமே செலவு குறைவு என்பது என் கருத்து.

அப்புறம், ஸ்டீம் டெக் இந்தியாவில் நேரடி விற்பனையில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சிங்கப்பூரில் இருக்கிற மாமாவிடம் சொல்லி வரவழைப்பதுதான் வழக்கம். ஸ்விட்சும் பெரும்பாலும் அப்படியே வருகிறது. வெளிநாட்டு வாரண்டியை நம்பி இங்கே இலவச சர்வீஸ் எதிர்பார்க்க முடியாது. கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக், தொடாமலே நகர்த்தியதுபோல் வேலை செய்யும் கோளாறு பல கன்சோல்களில் வருவதால், அதை மாற்றும் செலவையும் முன்பே கணக்கில் வையுங்கள். ஸ்விட்ச் 2இல் உள்ளே இருக்கும் இடம் போதாமல் கார்டில் கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். பழைய போனிலிருந்து கழற்றிய கார்டு அதற்கு உதவாது. மாமாவிடம் சொல்லும்போதே அந்தக் கார்டையும் சேர்த்து வாங்கி வரச் சொல்லிவிடுங்கள்.