கடைமடை ஏரிக்குத் தண்ணீர் வாங்கும் பணம்

அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள வாக்கர் ஏரியை நம் வழக்கில் கடைமடை ஏரி என்றே சொல்லலாம். சியரா நெவாடா மலையின் பனி உருகி ஓடிவரும் வாக்கர் ஆறு அங்கேதான் முடிகிறது. ஏரிக்குப் போக்குவாய் கிடையாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மேல்மடையில் தீவனப்புல்லுக்கும் வெங்காயத்துக்கும் ஆற்றைத் திருப்பியதில், 1882க்குப் பிறகு ஏரி 150 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. அங்குள்ள பையூட் பழங்குடியினரின் சொந்தப் பெயர் அகாய் டிக்கட்டா, அதாவது டிரவுட் மீன் உண்பவர்கள். உப்பேறிய ஏரியில் இன்று அந்த மீன் பிழைப்பதில்லை.

இப்படிப்பட்ட ஏரிகளுக்காகவே 2002 வேளாண் சட்டத்தின் 2507ஆம் பிரிவு 20 கோடி டாலர் ஒதுக்கியது. வேளாண் துறையின் பணம், பாசன அணைகளைக் கட்டிய ரெக்ளமேஷன் பணியகத்தின் கைக்குப் போனது. வாக்கர், பிரமிட், சம்மிட் என்ற மூன்று நெவாடா ஏரிகளுக்கு அது என்று அடுத்த ஆண்டே இன்னொரு சட்டம் பெயர் சொல்லிவிட்டது.

ஆனால் முதல் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது: இந்தப் பணத்தில் தண்ணீர் உரிமையை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. ஆற்றுநீர் முழுவதும் ஏற்கெனவே யாரோ ஒருவர் பெயரில் இருக்கும்போது, வாங்காமல் ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? 2005இல் நெவாடா பல்கலைக்கழகம் வழியாக 7 கோடி டாலரில் உரிமை வாங்க வழி திறந்தார்கள். 2008இல் தடையே நீங்கியது. 2009இல் வாக்கர் படுகை மீட்புத் திட்டம் தனியாக உருவாகி, தேசிய மீன், வனவிலங்கு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது.

நடைமுறை இதுதான். அங்கே முதலில் பாய்ச்சியவருக்கே முதல் உரிமை. யாருடைய உரிமை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை 1936 நீதிமன்றத் தீர்ப்பு வரிசைப்படுத்தியிருக்கிறது. விற்க விரும்பும் விவசாயி விற்கலாம். விற்க மனமில்லாதவர் குத்தகைக்கு விட்டுப் பார்க்கவும் 2009 சட்டம் இடம் கொடுத்தது. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கிய உரிமை தன் பழைய ஆண்டு வரிசையை இழக்காது. பழைய உரிமையாக இருந்தால் வறட்சியிலும் தண்ணீர் கிடைக்கும். அதனால்தான் விலையும் அதிகம். மாநில நீர்ப் பொறியாளர் ஒப்புதல் கிடைத்த பிறகே அது வயலுக்குத் திரும்பாமல் ஆற்றோடு போகும்.

விலை கொடுத்து வாங்காமலே, உரிமைகளை மாற்றி ஏரிக்குத் தண்ணீர் விடச் சொல்ல முடியுமா என்று ஏரிப் பக்கத்தார் நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தார்கள். ஏரி பொதுச்சொத்துதான், ஆனாலும் தீர்ப்பாகிவிட்ட உரிமைகளை மாற்றிப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று நெவாடா உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆகவே இந்தப் பணத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஏரிக்காரரும் விவசாயியும் அடித்துக்கொள்ளாமல் தண்ணீர் கைமாற இதுவே வழி.

தண்ணீர் போன வயலை அப்படியே போட்டால் புழுதியும் களையும்தான் மிஞ்சும். அதனால் திட்டப் பணத்தில் ஒரு பங்கு நிலத்துக்கும் போகிறது: மண்ணுக்குரிய செடிகளை வைத்து, வேர் பிடிக்கும் வரை தண்ணீர் விட்டு, அதன் பிறகே அந்த வயலின் மடையை அடைக்கிறார்கள்.