இடைகழி: 'லிமினல் ஸ்பேஸ்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

எங்கோ பார்த்தது போலத் தோன்றினாலும் இன்ன இடம் என்று சொல்லிவிட முடியாத, ஆளரவமற்ற கூடங்களிலும் நடைவழிகளிலும் தனியாகத் திரியும் கணினி விளையாட்டுகளை 'லிமினல் ஸ்பேஸ்' விளையாட்டுகள் என்கிறார்கள். 2024இல் வெளிவந்த 'பூல்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் துரத்திவரும் பேய் கிடையாது, இசை கிடையாது, பேச்சும் கிடையாது. வெள்ளை டைல்ஸ் பதித்த நீச்சல்குளக் கூடங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டுகொண்டே போகின்றன. உலர்ந்த தரையில் டக்டக்கென்று கேட்ட நம் காலடியோசை, தண்ணீரில் இறங்கியதும் சளசளப்பாக மாறுகிறது. நின்றுவிட்டால் அதுவும் அடங்கிவிடும். அப்போதுதான் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

'லிமினல்' என்பதன் வேர் 'லிமென்' என்ற இலத்தீன் சொல். அதன் பொருள் வாசற்படி. உணர்வின் வாசலுக்குக் கீழே நிற்பதைக் குறிக்கும் 'சப்லிமினல்' என்பதிலும் இருப்பது இதே படிதான். மானிடவியலாளர் ஆர்னால்ட் வான் ஜெனெப் 1909இல் சடங்குகளைப் பற்றி பிரெஞ்சில் எழுதிய நூலில், பழைய நிலையிலிருந்து பிரிதல், இடையில் இருத்தல், புதிய நிலையில் சேர்தல் என மூன்று கட்டங்களைப் பிரித்து, நடுக் கட்டத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தினார். சாம்பியாவின் எண்டெம்பு மக்களிடையே ஆய்வு செய்த விக்டர் டர்னர் 1960களில் இக்கருத்தை விரித்தார். பருவச் சடங்குக்காக ஊரைவிட்டு விலக்கிவைக்கப்பட்ட பையன் அந்த நாள்களில் சிறுவனும் அல்லன், ஆண்மகனும் அல்லன். ஆனால் அவன் ஊருக்குத் திரும்புவான் என்பது உறுதி.

இணையத்தில் நுழைந்தபோது சொல் அந்த உறுதியை இழந்தது. மஞ்சள் சுவர்த்தாள் ஒட்டிய, குழல்விளக்கு எரியும் வெற்று அறைகளின் படம் ஒன்று 2019இல் ஒரு சிறு கதைக்குறிப்போடு பரவி, 'பேக்ரூம்ஸ்' என்று பெயர்பெற்றது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்கோஷ் நகரில், முன்பு அறைகலன் கடையாக இருந்த கட்டடத்தைப் புதுப்பிக்கையில் 2002இல் எடுத்த படம் அது என்பது 2024இல்தான் தெரியவந்தது. அந்தக் கதையில் ஒருவர் கதவு வழியே உள்ளே போவதில்லை. விளையாட்டின் பிழையால் பாத்திரம் சுவரைத் துளைத்து விழுவது போல விழுகிறார். வாசற்படியின் பெயரைச் சுமக்கும் இடத்துக்கு வாசற்படியே இல்லை என்பது வேடிக்கைதான்.

தமிழில் இதை 'இடைநிலை வெளி' என்று எழுதினால் பள்ளிக்கூட நினைவு வருகிறது. 'விளிம்பு' என்பதை ஒதுக்கப்பட்ட மக்களைக் குறிக்க ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டோம். 'வெற்றிடம்' ஆளில்லாமையை மட்டும் சொல்லும், கடந்துபோகும் வழி என்பதைச் சொல்லாது. 'அமானுஷ்ய இடம்' என்பது தவறே. இங்கே அச்சம் தருவது பேயன்று, மனிதருக்காகக் கட்டிய இடத்தில் மனிதர் இல்லாமை.

என் தெரிவு 'இடைகழி'. தெருவாசலுக்கும் வீட்டின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள நடை அது. பேச்சில் மருவி 'ரேழி' ஆயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுக் கடந்துபோக வேண்டிய இடமே தவிர, தங்குவதற்கானது அன்று. மழை இரவில் திருக்கோவலூரில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த கதை நாம் அறிந்ததே. அங்குள்ள பெருமாளுக்கு வடமொழியில் 'தேகளீசன்' என்று பெயர். 'தேகளி' என்றால் வாசற்படி, அதாவது இலத்தீனின் 'லிமென்'. அம்மூவரில் ஒருவரான பொய்கையாழ்வார் அவ்விடத்தை "வாசல் கடைகழியா உள்புகா" என்று பாடுகிறார்: வாசலைத் தாண்டி வெளியேறவும் இல்லை, உள்ளே புகவும் இல்லை. 'லிமினல்' என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

எனவே மானிடவியலில் 'லிமினாலிட்டி' வருமிடத்தில் 'இடைகழி நிலை' என்றும், விளையாட்டுகளைப் பேசும்போது 'இடைகழி வெளி' என்றும் எழுதலாம். இதில் ஒரு நெருடல் உண்டு. வீட்டு இடைகழிக்கு இரண்டு வாசல்கள். அதன் நீளம் பத்தடி இருக்கலாம். 'பூல்ஸ்' கூடங்களிலோ ஒரு வாசலைக் கடந்தால் இன்னோர் இடைகழிதான் வருகிறது.