வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் பில்களைப் பாருங்கள்

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர், 15 லட்சம் ரூபாய் உடனே வேண்டும் என்று வீட்டுப் பத்திரத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வங்கி ஓவர்டிராஃப்ட் முழுவதும் தீர்ந்துவிட்டதால், மாதம் மூன்று வட்டிக்குத் தனியாரிடம் பேசி முடித்திருந்தார். ஆடிட்டர் என்ற முறையில் நான் முதலில் கேட்டது பத்திரத்தை அல்ல, அவருக்கு வரவேண்டிய பாக்கிப் பட்டியலை. ஒரு பம்ப் நிறுவனத்திடமிருந்து மட்டும் 18 லட்சம் நிலுவையில் இருந்தது; பழைய பில்லுக்கு 80 நாள் ஆகியிருந்தது. “இறுக்கிக் கேட்டா அடுத்த ஆர்டர் வராதுங்க சார்” என்றார்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும், உத்யம் எனும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சரக்கை அனுப்பும் முன்பே அதைப் பெற்றுவிடுவதுதான் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வணிகர்களுக்கு மட்டும் இந்தத் தாமதப் பாதுகாப்பு பொருந்தாது.

சண்டை போடாமல் பணம் பெறவும் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்கும் ட்ரெட்ஸ் தளங்களில் நம் பில்லை ஏற்றி, வாங்கிய நிறுவனம் அதை ஒப்புக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டு, கழிவு போக மீதியை நம் கணக்கில் செலுத்திவிடும். நாளை அந்த நிறுவனம் பணம் கட்டாமல் போனாலும் வங்கி நம்மிடம் திரும்பக் கேட்க முடியாது. ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 45 நாளில் வரவேண்டிய 15 லட்சம் ரூபாய் பில்லுக்குக் கழிவு ஏறக்குறைய 16,600 ரூபாய். அதே ஒன்றரை மாதத்துக்கு மூன்று வட்டி 67,500 ரூபாய். வீட்டுப் பத்திரமும் கடன் கொடுத்தவர் கையில். ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இத்தளங்களில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தும் பில்லை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடிப்பவர்கள் உண்டு என்பதால், பில்லைத் தளத்தில் ஒப்புக்கொள்வோம் என்பதை ஆர்டர் வாங்கும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இயந்திரம் வாங்க நீண்டகாலக் கடன் தேவையென்றால், 2000ஆம் ஆண்டு தொடங்கிய சிஜிடிஎம்எஸ்இ (CGTMSE) என்ற கடன் உத்தரவாத நிதியின் கீழ் சொத்துப் பிணை இல்லாமல் தரமுடியுமா என்று வங்கியில் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வது அரிது.

சிறிய கட்டுமானத் தொழில் செய்பவர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. மனை வாங்க வங்கிகள் பில்டருக்குக் கடன் தருவதில்லை. எனவே மனை உரிமையாளரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு, கட்டிய பரப்பில் பங்கு தருவதே பெரும்பாலும் மலிவான வழி. வீடு வாங்குவோரின் முன்பணத்தை நம்பித் திட்டமிடுபவர்கள், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதில் 70 சதவீதம் தனிக்கணக்கில் இருக்கவேண்டும் என்பதையும், விற்பனை ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. அவசரக் கடனுக்கு அடமானப் பத்திரம் எழுதாமல், “பணத்தைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறோம்” என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கிரயமோ பொது அதிகாரமோ பதிவு செய்து கொடுக்கிறார்கள். கிரயம் பதிவானால் ஆவணப்படி சொத்து கைமாறிவிட்டது. அது கடனுக்காக எழுதியது என்று நிரூபிக்க நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலையவேண்டும். அன்று அந்தப் பட்டறைக்காரர் கொண்டுவந்த வரைவிலும் அடமானம் என்ற சொல் எங்குமே இல்லை.